பூஜையில் வெச்ச கேபிள்

சரஸ்வதி பூஜை லீவு. எனக்கு அன்னிக்கு ஒரே வேலைதான். கேமராவுல இருக்கற போட்டோவையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாத்தணும்.

கேமரா நம்மளோடது இல்லை. தங்கை அகிலாவோட நிச்சயதார்த்தத்துக்காக ஆபீஸ் ராஜன்கிட்ட வாங்கினது. போட்டோகிராபர் எதுக்கு, தண்டம், நானே எடுக்கறேன்னு மார் தட்டினதும் நான்தான்.

ராஜன் மறுநாள் குடும்பத்தோட பொன்முடி மலைக்கு டூர் போறான். சாயந்தரம் வந்து கேமராவை வாங்கிப்பேன், கார்டுல எடம் இல்லை, எல்லாத்தையும் அழிச்சுடுவேன்னு முன்கூட்டியே சொல்லிட்டான். கேமராவோட வந்த கேபிள் எங்கேயோ தொலைஞ்சு போச்சாம்.

போனாப் போறது! எங்காத்துல கேபிளுக்கா பஞ்சம்? பிஸ்கட் டின் நெறைய இருக்கு. டார்ச்சோட வந்தது, எமர்ஜென்சி லைட்டோட வந்தது, எதோட வந்ததுன்னே தெரியாதது. எல்லாத்தையும் நானே டெஸ்ட் பண்ணி வெச்சிருந்தேன். பழைய பாட்டுப் பெட்டியில சொருகிப் பாப்பேன். லைட் எரிஞ்சா நல்ல கேபிள். என் விஞ்ஞானம் அவ்வளவுதான்.

ஒண்ணொண்ணா கேமராவுல சொருகினேன். கம்ப்யூட்டர் கல்லுப் பிள்ளையார் மாதிரி உக்காந்திருந்தது.

ஸ்கூட்டரை எடுத்துண்டு தம்பானூர் கடைத்தெருவுக்கு ஓடினேன். பாதிக் கடை மூடியிருந்தது. பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒருத்தன் புதுக் கேபிளைக் கொடுத்தான். இது சரியா வேலை செய்யுமான்னு கேட்டேன். ஒரு டார்ச்சுல சொருகிக் காட்டினான்.

"லைட் கத்துந்நுண்டல்லோ சாரே, பின்னெந்தா?"

லைட்தான் எரியறதே, அப்புறம் என்னன்னு மலையாளத்துல கேக்கறான். எனக்கும் நியாயமாத்தான் பட்டுது. என்னை மாதிரியே ஒரு விஞ்ஞானி!

ஆத்துக்கு வந்து சொருகினா, அதே கல்லுப் பிள்ளையார். வந்த கோவத்துல அந்தக் கேபிளை பிளேடால கீறிப் பாத்தேன். உள்ளே சிவப்பு ஒண்ணு, கறுப்பு ஒண்ணு, ரெண்டே கம்பி. ராஜனுக்குப் போன் போட்டா, கரண்ட் போக ரெண்டு போதும் சாரே, போட்டோ போக இன்னும் ரெண்டு வேணும்னு சிரிக்கறான். என் டின்ல இருந்தது மொத்தமும் ரெண்டு கம்பி ஜாதி.

அப்பதான் சுருக்குனு ஞாபகம் வந்தது. ஹார்ட் டிஸ்கோட வந்த தடிக் கேபிள் ஒண்ணு இருக்கே! அதுல போட்டோ போகும். எங்கே அது?

சரஸ்வதி முன்னாடி.

முந்தின நாள் புஸ்தகமெல்லாம் பூஜையில வெச்சபோது, கம்ப்யூட்டரும் வித்தைதானேன்னு எனக்கு பக்தி பொங்கித்து. அதைத் தூக்க சோம்பல். அதுக்குப் பிரதிநிதியா இருக்கறதுலயே நல்ல கேபிளாப் பாத்து, சந்தனப் பொட்டு வெச்சு, புஸ்தகத்து மேல வெச்சுட்டேன். விஜயதசமி காலம்பற பூஜை எடுக்கற வரைக்கும் அதை அங்கேருந்து நகத்தப்படாது.

நைசா கையை நீட்டினேன். ஆத்துக்காரி வத்சலா குறுக்கே வந்து நின்னா. வாசல்ல ராஜனோட பைக் சத்தம் கேக்கறது.

அகிலாவுக்குக் கண்ணுல ஜலம் வந்துடுத்து. "கால் முடியாத அப்பா எழுந்து நின்னு தட்டு மாத்தினார் அண்ணா. அது இந்தக் கேமராவுல மட்டுந்தான் இருக்கு."

எனக்கு என்னையே அறையணும் போல இருந்தது.

வத்சலாதான் வழி சொன்னா. "கேபிளை எடுக்கத்தானே கூடாது? கம்ப்யூட்டரை இங்கே தூக்கிண்டு வாங்கோ."

கேமரா வாங்க வந்த ராஜன், செருப்பைக் கழட்டிட்டு மானிட்டரைத் தூக்கினான். பெட்டியை நான் தூக்கினேன். இடுப்பு போச்சு! கேபிள் இருந்த எடத்துலயே இருக்க, ஒரு முனையில கம்ப்யூட்டர், இன்னொரு முனையில கேமரா. குத்துவிளக்கு வெளிச்சத்துல போட்டோ ஒண்ணொண்ணா வர ஆரம்பிச்சுது. அப்பா தட்டோட நின்னுண்டிருந்தார். அகிலா அழுதுண்டே சிரிச்சா.

ராஜன் அங்கேயே கார்டை அழிச்சுட்டு, சுண்டலும் வாங்கிண்டு கிளம்பினான். பம்பாய்ல மாப்பிள்ளையாத்துக்காரா போட்டோ போட்டோன்னு அரிச்சுண்டிருந்தா. இன்டர்நெட் இருக்கற ரூமுக்கே கொண்டு போய் உடனே அனுப்பிடலாம்னு பெட்டியைத் தூக்கக் குனிஞ்சேன்.

"தொடாதேங்கோ"ன்னா வத்சலா. "பூஜையில வெச்சாச்சு."

விஜயதசமி காலம்பற வரைக்கும் அந்தப் போட்டோவெல்லாம் சரஸ்வதி ஒருத்திதான் பாத்துண்டிருந்தா.