சர்ச் வளைவில் காட்டுமாடு

மூடுபனிக்குள் கறுப்பாக ஏதோ தெரிந்ததும் ரெக்ஸ் ஜீப்பை நிறுத்தி, விளக்கையும் இன்ஜினையும் அணைத்தான்.

"காட்டுமாடு, மாமா. மெதுவாப் பேசுங்க."

கொடைக்கானல் மலையில் காட்டுமாடு வழியில் நின்றால் ஹாரன் அடிக்கக் கூடாது, லைட் போடக் கூடாது. அதுவாக நகரும் வரை காத்திருக்க வேண்டும். சுத்துமுத்தும் பார்த்து வண்டி ஓட்டுகிறவன் என்று சொந்த ஊரான கவுஞ்சியில் ரெக்ஸுக்குப் பெயர். அதில் அவனுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

பட்டு வேட்டியில் உட்கார்ந்திருந்த தாய்மாமன் ஞானமுத்து கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏலே, மணி பதினொண்ணு. உனக்குத்தான் இன்னைக்கு நிச்சயம். பொண்ணு பாக்கவே ஒரு மணி நேரம் லேட்டாப் போனோம். இன்னைக்கும் லேட்டானா ஃபெமினாவை மறந்துருன்னு அவங்க அப்பா சொல்லிட்டாரு."

ரெக்ஸால் அவளை மறக்க முடியாது. நிச்சயம் நடக்கவிருந்த சர்ச்சுக்குத் திரும்பும் பாதையோ ஜீப்புக்கும் மாட்டுக்கும் நடுவில் இருந்தது.

இருபது நிமிடம் போனது. மாடு அசையவில்லை.

"நாம கொஞ்சம் ஒதுங்குனா அது போயிரும்," என்று ரெக்ஸ் பிரேக்கைத் தளர்த்தினான். ஜீப் இறக்கத்தில் சத்தமில்லாமல் இரண்டடி பின்னால் உருண்டது.

மாடு இரண்டடி முன்னால் வந்தது.

மறுபடி உருட்டினான். அதுவும் வந்தது.

"நம்மளைத்தான் குறி வச்சிருக்கு," என்றார் ஞானமுத்து. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். ஓடுவதற்கு வசதி.

"பசியா இருக்கும் மாமா."

பெண் வீட்டுக்கென்று தோட்டத்தில் காலையில் வெள்ளனே பிடுங்கிய கேரட் பின்சீட்டில் இருந்தது. ரெக்ஸ் ஒன்றை எடுத்துப் பனிக்குள் வீசினான். மாடு நகரவில்லை. இன்னும் நாலு வீசினான். கடைசிக் கேரட் டங்கென்று எதிலோ பட்டது.

"கொம்புல பட்ருச்சுடா. சோலி முடிஞ்சுது."

அப்போது ரெக்ஸின் போன் அதிர்ந்தது. வருங்கால மாமனார் அருள்மணி. நிச்சயம் ரத்து என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தபடி ரெக்ஸ் போனை எடுத்தான்.

"மாமா, மன்னிச்சிருங்க, வழியில..."

"நீங்கதான் எங்களை மன்னிக்கணும் மாப்ளே," என்று அருள்மணி கிசுகிசுத்தார். "அரை மணி நேரமா வேனை அமத்திப்போட்டு சர்ச் வளைவுலதான் கெடக்கோம். முன்னாடி ஒரு காட்டுமாடு. வெரசா வந்து பத்தி விடுங்க, எங்களைக் கேரட்டால எறியுது."