காற்றாலை வாசலில் கழற்றிய செருப்பு

மாட்ரிட்,
21-10-2003

என் மகளின் தாய்மாமனும் என் மதிப்புக்குரிய மைத்துனருமான ஆரணி பச்சையப்பன் அவர்களுக்கு, பலராமன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே யாவரும் நலம், என் உள்ளங்கால்களைத் தவிர. அங்கே தாங்களும், தங்கள் தங்கையாகிய என் மனைவி பொன்னம்மாளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தலைப்பிரசவத்துக்கு மகள் ஸ்வர்ணலதாவை ஆரணிக்கு அழைத்துவரத்தான் நான் ஸ்பெயினுக்கு வந்தேன் என்பது தாங்கள் அறிந்ததே. மாப்பிள்ளை ஹேமநாத்திடம் பக்குவமாகப் பேச்செடுக்கலாம் என்றிருந்தால், ஞாயிற்றுக்கிழமை அவர் எங்களைக் கொன்சுவேக்ரா என்ற பழைய ஊருக்குக் காரில் கூட்டிப்போய்விட்டார். குன்றின்மேல் வரிசையாக வெள்ளைக் காற்றாலைகள், கூடவே ஒரு கோட்டை. போளூர் ரோட்டில் லாரி உரசிக்கொண்டு போனால் ஒரு காற்று அடிக்குமே, அது நிற்காமல் அடிக்கிறது. இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்துக்கொண்டிருப்பவன் எப்படிப் பக்குவமாகப் பேசுவது? ஒரு காற்றாலை வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். மரச்சக்கரம், மாவரைக்கும் கல், ஒரே பலகை வாசனை. தொழில் நடக்கிற இடம். தறிக்கூடத்துக்குள் நாம் செருப்போடு போவோமா? கழற்றிவிட்டேன். திரும்பினால் ஸ்வர்ணாவும் கழற்றிவிட்டு நிற்கிறாள். "இன்னாப்பா, உங்களப் பாத்ததும் என் காலும் தானா கழட்டிடுச்சு" என்கிறாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெளியே வந்தால் இரண்டு ஜோடியும் இல்லை. வெளியே நின்ற ஒருவரிடம் மாப்பிள்ளை விசாரித்ததில், டிக்கெட் கொடுக்கும் அம்மாள், யாரோ வீசிவிட்டுப் போனது என்று எடுத்துக் காரில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போய்விட்டாராம். சாப்பிட்டால் தூங்குவாராம். ஊரே மத்தியானம் கதவடைத்துத் தூங்குகிறது, மச்சான், கூப்பிட ஒரு நாதியில்லை.

ஆறு மாதக் கர்ப்பிணி, வீங்கிய காலோடு கல்லில் நிற்கிறாள். மாப்பிள்ளை தன் ஷூவைக் கழற்றி, மண்டிபோட்டு அவள் காலில் மாட்டினார். "நீங்க எப்படி நடப்பீங்க?" என்றாள். "பேசிகினு நிக்காதே, ஜல்தியா இறங்கு" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சரளைக்கல்லில் குன்று முழுக்க வெறுங்காலோடு இறங்கினார். என் காலிலும் முள், அவர் காலிலும் முள். காரில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் முள் எடுத்துக்கொண்டே அவள் திட்டினாள், அப்படியே தங்கள் தங்கையின் குரல். கோட்டையைக் கண்ணால் பார்த்ததோடு சரி.

எது எப்படியானாலும் நான் உறுதியாக இருக்கிறேன். வரும் மாதம் அவளோடுதான் ஆரணி திரும்புவேன். அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் ஆசியும் சேரட்டும்.

இப்படிக்கு,
பலராமன்

பி.கு. (மறுநாள் எழுதுவது): வெள்ளையடிக்க வேண்டாம். பொன்னம்மாளுக்கு ஜல்தியாகப் பாஸ்போர்ட் எடுக்க வழி பாருங்கள், பிரசவம் இங்கேதான். இன்று காலை கேட்டே தீருவது என்று மாப்பிள்ளைக்கு எதிரே போய் உட்கார்ந்தேன், மச்சான். "கால் எப்படிங்க இருக்கு?" என்றுதான் வாயில் வந்தது.