பாலக்கரையின் பிசாசு பெயிண்டர்

பாலக்கரையில் பிசாசுக்கு அஞ்சாதவர்கள் உண்டு. ‘பிசாசு பெயிண்டரு’க்கு அஞ்சாதவர் ஒருவரும் இல்லை.

பொன்மலைப் பணிமனையில் ரயில் பெட்டிகளுக்கு வர்ணம் பூசியவர் அவர். நான் அங்கேயே அலுவலகத்தில் இருந்தேன். ஓய்வுக்குப் பின்னும், புரட்டாசியில் வரும் மிக்கேல் சம்மனசு என்னும் தேவதூதரின் திருநாளுக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து என்னை வரவழைத்துவிடுவார். அன்று மாலை வாளும் தராசும் ஏந்திய சம்மனசு சப்பரத்தில் தெருவுலா வருவார். அவர் காலடியில் மிதிபட்டுக் கிடக்கும் பிசாசுக்கு ஆண்டுதோறும் புதிதாக முகம் எழுதுவது நண்பரின் கைங்கரியம்.

திருவடிப் பெருமையைப் பாசுரங்களில் ஓதி வளர்ந்தவன் நான். அத்தனை கூட்டமும் திருவடிக்கும் கீழே உற்றுப் பார்த்ததை அங்கேதான் கண்டேன். ‘இந்த வருஷம் யாரு?’ என்பதே எல்லோர் வாயிலும்.

ஒருமுறை நகைக்கடைக்காரர் பாய்ந்து வந்தார். “என் மீசைய ஏங்க அதுக்கு வச்சீங்க?” அவர் நகர்வதற்குள் தலைமையாசிரியர் வந்தார். “அது என் மூக்குதானே?”

நண்பர் என்னிடம் திரும்பினார். “பொதுவா ஒரு பாவி மூஞ்சியத்தான் எழுதுறேன் சாமி. உரிமை கொண்டாடுறது அவங்க.”

அண்மையில் ஓராண்டு, திருவிழாக் குழுத் தலைவரே தம் இரட்டைத் தாடையை அங்கே கண்டுகொண்டார். குழு அவசரமாகக் கூடிற்று. “அடுத்த தடவை எவன் சாயலாவது தெரிஞ்சா, பிரஷ்ஷ வச்சிட்டுப் போயிடுங்க பெரியவரே. பைபர்ல ரெடிமேட் பிசாசு வாங்கிக்கிறோம்” என்று தீர்ப்பாயிற்று. மனைவி மறைந்தபின் நண்பருக்கு அந்த ஒரு வேலைதான் மிஞ்சியிருந்தது.

அடுத்த திருநாளன்று திரை விலகியது. தலைவர் குனிந்து பார்த்தார். கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கியும் பார்த்தார். குழுவினர் ஒவ்வொருவராக வந்து, தாம் அங்கே இல்லையென்று உறுதி செய்துகொண்டனர். நகைக்கடைக்காரருக்குச் சற்று ஏமாற்றம்கூட.

“இப்பத்தாங்க பிசாசு பிசாசு மாதிரி இருக்கு!” என்று தலைவர் நண்பரின் முதுகில் தட்டினார். தட்டியவரும் சரி, மற்றவரும் சரி, அருகே நின்றவரின் ஒட்டிய கன்னத்தையும் புருவத் தழும்பையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் அவரைத் தனியே இழுத்தேன். “ஏங்காணும், உம்ம மூஞ்சியையேவா எழுதிட்டீர்?”

“சத்தம் போடாதீங்க சாமி. சண்டைக்கு வராத மூஞ்சி ஊர்ல இது ஒண்ணுதான் இருந்துச்சு. அடுத்த வருஷமும் வேலை நமக்குத்தான்!”

சப்பரம் நகர்ந்தது. எல்லோரும் சம்மனசை நோக்கிக் கைகூப்பினார்கள். நான் சற்றே கீழே பார்த்துக் கூப்பினேன்.