வானவில் வரிசையில் குடங்கள்

எனக்குக் கலை ரசனை உண்டு. பெருமைக்காகச் சொல்லவில்லை; சர்க்கரை உண்டு, ரத்தக் கொதிப்பு உண்டு என்று டாக்டரிடம் சொல்வோமே, அந்த மாதிரி சொல்கிறேன். எப்போது ஏறும் என்று தெரியாது. ஒருமுறை ஏறியதில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் வளைகாப்பே நின்றுபோகப் பார்த்தது.

பெருங்குடி ஆபீஸில் எனக்குப் பக்கத்து சீட் வசந்தி. பட்டினப்பாக்கத்துப் பக்கம் பழைய ஹவுசிங் போர்டு குடியிருப்பில் வீடு. குடிசையில் இருந்தவர்களுக்காக அந்தக் காலத்தில் அரசாங்கம் கட்டிக் கொடுத்த மாடி வீடுகள். நானோ மயிலாப்பூர் மாடவீதிக்காரன். பொடிநடையாகப் போனாலே வந்துவிடும் தூரம், ஆனால் ஒருநாளும் அங்கே போனதில்லை. (ஏன் என்று கேட்டால், அங்கே நமக்கென்ன வேலை என்போம். நாங்கள் அப்படித்தான்.)

"அண்ணா, ஞாயித்துக்கெழம எங்கக்கா செல்விக்கு வளகாப்பு. போட்டோ நீங்கதான் எடுத்துத் தரணும். சீக்கிரம் பில்டிங்கையே இடிக்கப் போறாங்க, இந்த வீட்ல இதான் கடைசி விசேஷம்" என்றாள் வசந்தி.

இடிக்கப் போகிறார்கள் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே எனக்கு ரசனை ஏற ஆரம்பித்துவிட்டது. அவள் பத்து மணிக்கு வரச் சொன்னாள். நான் விடியும்போதே போய் நின்றேன். பழைய கட்டடத்தைக் காலை வெளிச்சத்தில் எடுக்க வேண்டுமாம். அதற்கென்று வெள்ளை ஜிப்பா வேறு.

மாடிப்படித் திருப்பத்தில் நின்று கீழே பார்த்தேன். ஆஹா! வாசலில் நீளமாகக் குடங்கள். நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிளாஸ்டிக் குடங்களாகவே ஒரு ஊர்வலம். அரையிருட்டிலேயே ஒரு படம் எடுத்துக்கொண்டேன். வெளிச்சம் நன்றாக வரட்டும் என்று படியிலேயே உட்கார்ந்து காத்திருந்தேன்.

வெளிச்சம் வந்தது. கீழே இறங்கிப் பார்த்தால் ஒரே குறை. நிறங்கள் தாறுமாறாகக் கிடந்தன. பச்சைக்குப் பக்கத்தில் ஆரஞ்சு, அதற்குப் பக்கத்தில் மறுபடி பச்சை. யாராவது இப்படி வைப்பார்களா? சுற்றுமுற்றும் ஆளில்லை. ஊதாவில் தொடங்கி சிவப்பில் முடியும்படி வானவில் வரிசையில் எல்லாக் குடத்தையும் அழகாக அடுக்கி வைத்தேன்.

ரேஷன் கடையில் பையைப் போட்டு இடம் பிடித்த வம்சம்தான் நானும். வரிசையில் பை கிடந்தால் ஆளே நிற்பதாகத்தான் கணக்கு என்பது பால் குடித்த நாளிலிருந்து தெரியும். அது குடத்துக்கும் பொருந்தும் என்று அன்றைக்கு மட்டும் புத்தியில் படவில்லை.

குழாயில் தண்ணீர் வராத வாரமாம் அது. லாரித் தண்ணீர்தான். முதலில் நிற்கிறவர்களுக்குக் கிடைக்கும், கடைசியில் நிற்கிறவர்கள் மறுநாள்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். லாரி ஹாரன் அடித்ததும் நாலு மாடியிலிருந்தும் பெண்கள் தடதடவென்று இறங்கி வந்தார்கள். வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"எவன்டா கொடத்த மாத்துனது?"

"நான்தாங்க!" என்று கேமராவோடு முன்னால் போனேன். "எப்படி இருக்கு?"

அதற்குக் கிடைத்த பதிலை இங்கே எழுத முடியாது. அச்சுக்கு ஏறுகிற வார்த்தை அதில் "நைனா" ஒன்றுதான்.

நைட்டிமேல் துண்டு போட்டிருந்த ஓர் அம்மா, வரிசையின் வாலில் கிடந்த இரண்டு சிவப்புக் குடங்களைப் பார்த்து வயிற்றில் அடித்துக்கொண்டார். "பாவி, எம்பொண்ணுக்கு வளகாப்புடா இன்னிக்கி! சம்பந்தி வூட்டாளுங்க வந்துகினு கீறாங்க. ஒலை வைக்க ஒரு சொட்டு தண்ணி இல்லியே!"

வசந்தியின் அம்மா சரோஜாம்மாவை நான் முதன்முதலாகச் சந்தித்தது இப்படித்தான். சத்தம் கேட்டு இறங்கி வந்த வசந்தி என்னைப் பார்த்தாள், குடங்களைப் பார்த்தாள், நெற்றியில் கையை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அங்கேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

அதற்குள் ஆளாளுக்கு "நாந்தான் மொதல்ல", "எங்கொடந்தான் முன்னால கீது" என்று ஆரம்பித்துவிட்டார்கள். லாரி டிரைவர், "யாராச்சும் ஒரு கொடத்த வைங்கம்மா, இல்லாட்டி அடுத்த தெருவுக்குப் போயிடுவேன்" என்று இன்ஜினை உறுமவிட்டார்.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. (நிறுத்தியே வைத்திருக்கலாம்.) "இருங்க, இருங்க! மாத்தறதுக்கு முன்னால எடுத்த படம் இருக்கு!" என்று கத்தினேன். எல்லோரும் கேமராவைச் சூழ்ந்துகொண்டார்கள். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். வரிசை தெளிவாகத் தெரிந்தது. வரிசையின் ஓரத்தில், நான் அதுவரை கவனிக்காத ஓர் உருவமும் தெரிந்தது. நைட்டி, மேலே துண்டு. குனியக்கூட இல்லை; இரண்டு சிவப்புக் குடங்களைக் காலாலேயே நைசாக வரிசையின் தலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.

சரோஜாம்மா!

எல்லோர் தலையும் அவர் பக்கம் திரும்பியது. வளைகாப்புத் தண்ணீரைக் கெடுத்தது போதாதென்று, பெண்ணைப் பெற்றவளை ஊர் முன்னால் காட்டியும் கொடுத்துவிட்டேன். பிடித்தாலும் பிடித்தேன், புளியங்கொம்பாய்ப் பிடித்தேன்!

"ஆமா, தள்ளுனேன்" என்றார் சரோஜாம்மா. "இன்னான்ற இப்போ? வூட்ல விசேஷம்."

வரிசையில் நியாயமாக முதலில் இருந்தது ஒரு நீலக் குடம். அதன் சொந்தக்காரி எதிர்வீட்டு மேரியக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார். "ஒரு வார்த்த கேட்டா நான் குடுக்க மாட்டனா?"

"துணி காயப்போடுற கொடிக்கு போன வாரந்தான் உங்கூட சண்ட போட்டேன். எந்த மூஞ்சிய வச்சிகினு கேக்குறது?"

"சண்ட உங்கூடடி. செல்வியாண்ட இன்னா சண்ட எனக்கு? எங்கையால சோறு ஊட்டுன புள்ள அது." மேரியக்கா தன் நீலக் குடத்தை நகர்த்திவிட்டு, சிவப்புக் குடங்களைத் தூக்கிவந்து லாரிக் குழாய்க்கு அடியில் வைத்தார். பின்னாலிருந்தவர்களும் தங்கள் குடங்களை ஒதுக்கி வழிவிட்டார்கள். சரோஜாம்மா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது. கலங்கிய கண்ணைத் துடைக்க விட்டார்களா என்ன?

"இன்னா வேடிக்க பாத்துகினு நிக்கிற? தூக்கு நைனா!" என்றார் மேரியக்கா.

தூக்கினேன். அவர்கள் வீட்டுக்கு மட்டுமில்லை, கை காட்டிய வீட்டுக்கெல்லாம் தூக்கினேன். ஜிப்பா தொப்பலாகி உடம்போடு ஒட்டிக்கொண்டது. படியெல்லாம் நான் சிந்திய தண்ணீர். அதற்கும் தனியாகத் திட்டு. பதினோரு மணிக்கு செல்வி கை நிறைய வளையலோடு சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்தபோது, கேமராவைப் பிடித்த என் கை வெடவெடவென்று நடுங்கியது. ஒரு படம்கூட உருப்படியாக வரவில்லை. எல்லாவற்றிலும் செல்விக்கு இரண்டு மூக்கு.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "ஆத்துல ஒரு டம்ளரை நகர்த்தி வைக்கத் துப்பில்லே. ஊரார் குடத்தையெல்லாம் நகர்த்திண்டு வந்திருக்கேளா?" என்றாள். சமையலறையில் நான் இன்றுவரை எதையும் தொடக்கூடாது.

கட்டடத்தை இன்னும் இடிக்கவில்லை. செல்வியின் மகனுக்கு இப்போது நன்றாகப் பேச்சு வந்துவிட்டது. என்னைக் கண்டால் "கொட மாமா!" என்று ஓடி வருகிறான். அந்த வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு படத்துக்குத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். வளைகாப்புப் படம் இல்லை. குடம் தள்ளுகிற படம். நான் எடுத்ததில் ஆடாமல் வந்தது அது ஒன்றுதான். போன வாரம் நான் போயிருந்தபோது பையன் அதைக் காட்டி, "இது இன்னா?" என்று கேட்டான்.

"உங்கம்மாவுக்கோசரம் ஆயா தண்ணி திருடுனதுடா" என்றார் சரோஜாம்மா.

எதிர்வீட்டிலிருந்து மேரியக்காவின் குரல் வந்தது. "பொய் சொல்லாதடி புள்ளயாண்ட. திருடப் பாத்தது நீ. குடுத்தது நானு!"