ஆம்பியர் அண்ணாச்சியும் ஐந்து வோல்ட்டும்

மனிதர்களை ஆம்பியரில் எடைபோட்டவர் இந்த உலகத்திலேயே ஆம்பியர் அண்ணாச்சி ஒருவர்தான். யார் வீட்டிலாவது புது மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தால், "பய நல்ல பயதான், ஆனா அரை ஆம்பியருக்கு மேல தாங்க மாட்டான்" என்பார். நாகர்கோவிலில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் மூன்று வீடு, ஒரே மெயின் லைன். நடுவீடு அவருடையது.

மஸ்கட்டிலிருந்து திரும்பியவர்கள் எல்லாம் தங்கமும் கம்பளியும் கொண்டுவந்த காலத்தில், அவர் கொண்டுவந்தது ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர். கீபோர்டுக்குள்ளேயே மொத்த மூளையும் இருக்கும். டிவியில் இணைத்துப் பார்க்க வேண்டும். ஊரே கம்ப்யூட்டரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிகிற காலம் வந்த பிறகும் அண்ணாச்சி அதை வளர்த்துக்கொண்டிருந்தார். ஆமாம், வளர்த்தார். பின்பக்கம் முதலில் கூடுதல் மெமரியைச் சொருகினார். அதன் முதுகில் டிஸ்க் டிரைவ். அதன் வாலில் பாட்டுக்கு ஒரு கார்டு. பெட்டி மேஜையைத் தாண்டிக் கட்டிலை நோக்கி நீண்டது.

"அண்ணாச்சி, இத வச்சு என்ன செய்யப் போறிய?"

"இருக்கட்டு மக்கா, மொதல்ல வளரட்டு."

சிக்கல் சாப்பாட்டில் வந்தது. பெட்டியோடு வந்த அடாப்டர் ஒரு ஆளுக்குத்தான் சமைக்கும்; இப்போது பந்தியில் நாலு பேர். ஐந்து வோல்ட் வேண்டிய இடத்தில் நாலரைதான் வந்தது. பெரிய அடாப்டர் மாட்டினார். வோல்டேஜைச் சீராக்குகிற சில்லு தோசைக்கல்லாகக் கொதித்தது. அதைக் குளிர்விக்கச் சின்ன ஃபேன் வைத்தார். ஃபேன் தன் பங்கைக் குடித்ததும் மறுபடி நாலரை. அதற்கு இன்னும் பெரிய அடாப்டர். அந்தச் சூட்டுக்கு இன்னும் பெரிய ஃபேன்.

மிக்ஸி போட்டால் கம்ப்யூட்டர் மூர்ச்சையாகிவிடும் என்பது அடுத்த கண்டுபிடிப்பு. தேங்காய் அரைக்காமல் குழம்பு வைக்கத் தெரியாத ஊரில் இது லேசான சங்கதியா? என் மனைவி மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "அண்ணாச்சி, தேங்கா அரைக்கட்டா?" என்று உத்தரவு கேட்பாள்.

"பொறும்மா, லோடாகிட்டு கெடக்கு."

ஆனால் மைனி, அதாவது அண்ணாச்சியின் மனைவி, யாரிடமும் உத்தரவு கேட்கிறவர் இல்லை. மிக்ஸி உறுமும். டிவி வெளுக்கும். அண்ணாச்சி அலறுவார்.

"ஏட்டி, கொன்னுட்டியே!"

"ஒங்க பெட்டிக்கு உசிரு போனா மறுபடி வரும். மீனு நாறிப்போனா நல்லதாட்டு வருமா?"

இதற்காகவே அண்ணாச்சி இன்வெர்ட்டர் வாங்கினார். மைனி மிக்ஸியை அதில் சொருகினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லா உறுப்பையும் ஒன்றாக ஓட்டிக் காட்டப்போவதாக அண்ணாச்சி அறிவித்தார். மூன்று வீட்டிலும் ஃபிரிட்ஜ், மோட்டார், ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வியர்க்க வியர்க்கக் கூடினோம். டிஸ்க் கரகரத்தது. பாதியில் டிவி படம் நடுங்கியது. அண்ணாச்சி சில்லைத் தொட்டுவிட்டு விரலை உதறினார். அவர் முகம் செத்துவிட்டது.

"ஃபேன நிறுத்துனா சில்லு வெந்துரும். ஓட்டுனா வோல்டேஜ் பத்தாது. சில்லு போனா மூளையும் கூடப் போயிரும் மக்கா. இனி இத மாத்த எங்கயும் கெடைக்காது."

அடுக்களையிலிருந்து மைனி வந்தார். கையில் பனையோலை விசிறி.

"அந்தக் கறங்குற சாதனத்த நிறுத்துங்க."

முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பெட்டிக்கு வீச ஆரம்பித்தார். ஃபேன் நின்றது. ஐந்து வோல்ட் வந்தது. படம் நேராகி, திரையில் ஒரு வரி தெரிந்தது.

"என்ன அண்ணாச்சி எழுதியிருக்கு?"

"மெமரி எவ்வளவு காலியா இருக்குன்னு காட்டுது."

"எவ்வளவு?"

"பூராவும் காலி!" பெருமையில் அவர் கண் கலங்கியது.

நாங்கள் கைதட்டினோம். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பலமாகத் தட்டினோம்.

கூட்டம் கலைந்த பிறகும் மைனி வீசுவதை நிறுத்தவில்லை.

"போதும்ட்டி, கை கடுக்கும்."

"சும்மா இரிங்க. இன்னும் சூடாட்டுதான் இருக்கு."

நாங்கள் வீடு மாறி வந்துவிட்டோம். இப்போதும் அவர்களைப் பார்க்கப் போனால், காம்பவுண்டு கேட்டைத் திறக்குமுன் என் செல்போனை அணைத்துவிடுகிறேன். அது அவர் லைனில் ஓடவில்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும், அண்ணாச்சிக்கு ஒரு சொட்டுக் கரண்ட்டாவது மிச்சமாகட்டுமே.