தகாமே வண்டி எவ்வளவு தருது?

ஒரு காட்டில் மாசிலாமணி என்று ஒரு முயல் இருந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மனைவி கனகவல்லி தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீடு போயிருந்தது. தாய்வீடு எதிர் மலையின் அடிவாரத்தில். இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவே பெரிய புல்வெளி. அது மகுடபதி என்ற புலிக்குச் சொந்தம். பத்திரம், பட்டா எல்லாம் கிடையாது. புலியிடம் போய் யார் பட்டா கேட்பது?

கனகவல்லி போகும்போது வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடியே புல்வெளியைக் கடந்துவிட்டது. எப்படிக் கடந்தோம் என்று இன்றைக்கும் அதற்குத் தெரியாது. இப்போது ஐந்து குட்டிகள் பிறந்திருந்தன. பச்சைக் குட்டிகளை, பின்னால் புலி துரத்த, ஓடிவா என்று சொல்ல முடியாது. வண்டி வேண்டும். வழியில் நிற்காத வண்டி வேண்டும். மாசிலாமணிக்கு வேண்டியது அவ்வளவுதான்.

காட்டு முனையில் தகாமே கம்பெனியின் ஷோரூம் இருந்தது. ஜப்பான் கம்பெனி. அங்கே வண்டி விற்கிற வேலையில் ஒரு மைனா இருந்தது. வண்டி என்ன விலை என்று கேட்டால் கம்பெனி வரலாற்றிலிருந்து ஆரம்பிக்கும் பேர்வழி.

"எங்க நிறுவனர் தகாமே ஐயா ஓர் ஆமைங்க சார்," என்றது மைனா. "முதல்ல நெல் வயலுக்குத் தண்ணி இறைக்கிற பம்பு செஞ்சாரு. அப்புறம் அந்தப் பம்பு மோட்டாரைக் கழட்டிச் சைக்கிள்ல மாட்டினாரு. அப்புறம் சைக்கிளுக்கு இன்னும் ரெண்டு சக்கரம் வெச்சாரு. அதுதான் எங்க முதல் கார். அதுல ரிவர்ஸ் கியரே கிடையாது. பின்னால போறது ஐயாவுக்குப் பிடிக்காது."

"அப்ப வண்டியை எப்படித் திருப்புவாங்க?"

"ஊரைச் சுத்திக்கிட்டு வருவாங்க சார். ஜப்பான்ல அப்பல்லாம் எல்லாருக்கும் பொறுமை ஜாஸ்தி."

முதல் வண்டி ஒரு மேட்டில் நின்றுபோனதாம். தகாமே ஐயா ஓடிவந்து (ஆமை எங்கே ஓடுவது, வந்து), வண்டிக்காரரைக் குனிந்து வணங்கி, மன்னிப்புக் கேட்டு, தானே தள்ளிக்கொண்டுபோய் வீட்டில் விட்டாராம். விதைப்பில் கிளம்பிய வண்டி அறுவடைக்கு வீடு போய்ச் சேர்ந்ததாம். அன்றிலிருந்து தொழிற்சாலையைவிட்டு வண்டி கிளம்பும்போதெல்லாம் ஒரு தொழிலாளி அதற்குத் தலைவணங்கி விடைகொடுப்பது வழக்கமாம். கேட்டுக்கொண்டிருந்த மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கப்புறம் ஆயுசு பூராவும் கும்பிட்டுக்கொண்டிருக்கப் போவது வாங்கினவன்தான் என்று அதற்கு அப்போது தோன்றவில்லை.

"எவ்வளவு தரும்?" என்று கேட்டது மாசிலாமணி.

"லிட்டருக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர் சார். கம்பெனியே ஓட்டிச் சோதிச்சது."

எங்கே ஓட்டினார்கள், யார் ஓட்டினார்கள் என்று முயல் கேட்கவில்லை. கேட்டிருந்தால், மேடுபள்ளமே இல்லாத சாலையில், ஏசி போடாமல், பின்சீட்டில் யாரையும் ஏற்றாமல், ஓர் ஆமை ஓட்டிய கணக்கு அது என்று தெரிந்திருக்கும். மைனா பொய் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஷோரூம் பேச்சை நம்பி வாங்கிவிடுகிற ஏமாளி அல்ல மாசிலாமணி. வண்டி வைத்திருக்கிறவர்களிடம் நாலு வார்த்தை விசாரித்துவிட்டுத்தான் வாங்குவேன் என்று பிடிவாதமாகக் கிளம்பியது. காரியம் கெட்டது இங்கேதான்.

முதலில் தர்மலிங்கம் என்ற காட்டுப்பன்றியிடம் போனது. தகாமே உரிமையாளர் நலச் சங்கத்துக்குத் தர்மலிங்கம்தான் தலைவர். வாங்கி ஆறு வருஷமாகியும் சீட்டுக்கு மேலிருக்கும் பாலித்தீன் உறையைப் பிரிக்காத கறார் பேர்வழி. போனபோது மஞ்சள் துணியால் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"வண்டி எப்படிங்க?"

"தங்கமுங்க. இந்த ஆறு வருசத்துல ஒரு கை வெச்சதில்ல."

அந்த நேரம் பார்த்து டிரைவர் பக்கக் கதவு தானாகத் திறந்துகொண்டது. பன்றி பேச்சை நிறுத்தாமல் இடுப்பால் ஓர் இடி இடித்து அதைச் சாத்தியது.

"எவ்வளவு தருதுங்க?"

"இருபத்தஞ்சு. ஹைவேஸ்ல விட்டா இன்னுங்கூடத் தரும்."

அடுத்து சந்திரவதனி டீச்சர் என்ற புள்ளிமான். "எனக்கு இருபத்தாறு தருது தம்பி. கியர் மாத்தற விதத்துலதான் இருக்கு. எல்லாருக்கும் அது வராது," என்றது.

உண்மையில் பன்றியின் வண்டி பதினொன்றுதான் தந்தது. வாங்கிய புதிதில் அதற்குத் திக்கென்றாகி, தனக்கு முன்னால் வாங்கியவரை விசாரித்தது. அவர் இருபத்தைந்து என்றார். சரி, நமக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை, இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று வெட்கப்பட்டு, கேட்டவர்களிடமெல்லாம் தானும் இருபத்தைந்து என்று சொல்லிவைத்தது. மானின் வண்டியும் பதினொன்றுதான். ஆனால் போயும் போயும் ஒரு பன்றியைவிட மோசமாகவா ஓட்டுகிறோம் என்று ரோஷம் வந்து, அது ஒன்று கூட்டிக்கொண்டது. இப்படியே காட்டில் தகாமே வைத்திருந்த அத்தனை பேரும் தனக்கு மட்டும்தான் இந்தக் கேவலம் என்று நினைத்துக்கொண்டு, ராஜநடை நடந்துகொண்டிருந்தார்கள்.

மாசிலாமணி வண்டியை வாங்கிவிட்டது. பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பானெட்டில் சந்தனம் தடவி எடுத்தது. முதல் டேங்க் தீர்ந்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தது. பதினொன்று. மறுபடி போட்டது. மறுபடியும் பதினொன்று. அன்று சாயங்காலம் கனகவல்லிக்கு ஃபோன் செய்தது.

"கனகு, யார்கிட்டயும் சொல்லிடாத. நம்ம வண்டி பதினொண்ணுதான் தருது."

"எல்லாருக்கும் இருபத்தஞ்சு தருதுன்னீங்களே?"

"எல்லாருக்கும் தருது. எனக்குத்தான் தரல."

"தந்தா தரட்டும், தராட்டிப் போகட்டும். டேங்க் பூராப் பெட்ரோலைப் போட்டுக்கிட்டு வந்து எங்களைக் கூட்டிட்டுப் போங்க. மூத்தவன் அப்படியே உங்க சாடை."

இந்தக் கதையில் யாராவது உருப்படியாக ஒரு வார்த்தை பேசியிருந்தால் அது கனகவல்லிதான். ஆனால் மறுநாள் வழியில் பன்றி நிறுத்தி, "உங்குளுக்கு எவ்வளவு தருதுங்க?" என்று கேட்டபோது, மாசிலாமணியின் வாய் தானாக "இருபத்தேழு" என்றது. சொன்ன பிறகு கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கூட்டிவரக் கிளம்பிய அன்று பெட்ரோல் பங்கில் நல்ல கூட்டம். டேங்கின் முள் அடியில் கிடந்தது. புல்வெளிக்கு முன்னால் இருக்கிற கடைசி பங்க் அதுதான். மாசிலாமணியின் முறை வந்தது. ஹோஸைக் கையில் பிடித்துக்கொண்டு குரங்கு, "எவ்வளவு சார்?" என்றது. ஃபுல் டேங்க் என்று சொல்ல வாயெடுத்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்.

"எங்கீங்க பயணம்?"

திரும்பினால் அடுத்த வண்டியில் பன்றி. அதற்கடுத்த வண்டியில் சந்திரவதனி டீச்சர்.

"புல்வெளி தாண்டிங்க. வீட்டுல கூட்டிட்டு வரணும்."

"மிஞ்சிப்போனா எண்பது கிலோமீட்டர். இருபத்தேழு தர்ற வண்டிக்கு மூணு லிட்டர் தாராளமுங்க. இல்ல, அதுக்கும் மேல போடறதா இருக்கீங்களா?"

பன்றி கண்ணைச் சுருக்கிப் பார்த்தது. டீச்சர் கழுத்தை நீட்டிப் பார்த்தது. குரங்குகூடப் பார்த்தது. திரும்பி வருவதற்கும் சேர்த்துப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் தோன்ற வேண்டுமே. மாசிலாமணிக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

"மூணு லிட்டர் போடுப்பா," என்றது. கூட ஓர் அரை லிட்டர் கேட்கலாமா என்று யோசித்தது பாவம். கேட்கவில்லை.

பன்றியும் மானும் ஆளுக்கு இரண்டு லிட்டர் போட்டுக்கொண்டு, ஊருக்குள் வேறு பங்குக்குத் தனித்தனியாகப் போய் டேங்கை நிரப்பிக்கொண்டன. இந்தச் சாமர்த்தியமெல்லாம் புதிதாக வண்டி வாங்கியவர்களுக்கு வராது.

புல்வெளியின் நட்டநடுவில் வண்டி இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. ஏசியை நிறுத்திப் பார்த்தது முயல். இறங்கி வண்டியைக் குலுக்கிப் பார்த்தது. தகாமே ஐயாவை நினைத்துப் பானெட்டைத் தொட்டுக் கும்பிட்டும் பார்த்தது. புல் அசைந்தது. மகுடபதி புலி வந்துகொண்டிருந்தது. அதன் வாயில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கேன் தொங்கியது.

புலி கேனைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. டயரை ஓர் உதை உதைத்துப் பார்த்தது.

"தகாமேயா?"

"ஆமாண்ணே."

"எவ்வளவு தருது?"

மாசிலாமணி புலியின் பல்லைப் பார்த்தது. சாகப்போகிற நேரத்தில் யாரிடம் என்ன கௌரவம் என்று இருந்தது. வெறுப்பும் சேர்ந்துகொண்டது.

"பதினொண்ணுண்ணே. ஏசி போட்டா ஒம்போது."

புலியின் கையிலிருந்து கேன் நழுவிக் கீழே விழுந்தது.

"நெசமாவா?"

"என் குட்டிங்க மேல சத்தியமா."

புலி அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டது. அதற்குக் கண் நிறைந்துவிட்டது. "எனக்குப் பத்துதான் தருது தம்பி. அந்தா, புதருக்குப் பின்னால நிக்குது பாரு. கேட்டவனெல்லாம் இருபத்தஞ்சுங்கறான், இருபத்தாறுங்கறான். நான் கனமா இருக்கிறதாலதான் தரமாட்டேங்குதுன்னு நெனச்சு, ரெண்டு மாசமா ராச்சாப்பாட்டை விட்டுட்டேன். நேத்துக்கூட ஒரு கொழுத்த பன்னி குறுக்கால போச்சு. வேணாம்னு இருந்துட்டேன்."

"எனக்கும் ஓட்டத் தெரியலைன்னுதாண்ணே நெனச்சேன்."

"கதவு?"

"தானாத் திறந்துக்குது."

"சர்வீஸுக்கு விட்டா?"

"கழுவிட்டு அப்படியே திருப்பிக் குடுத்துடறாங்க."

இரண்டும் பானெட்டில் சாய்ந்துகொண்டு வெகுநேரம் வண்டியைத் திட்டின. புலி சிரித்துச் சிரித்து முயலின் தோளில் தட்டியது. மாசிலாமணிக்கு அன்று இருந்த நிம்மதி வாங்கிய நாளிலிருந்து இருந்ததில்லை. மனசிலிருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது. நான் போய்ப் பெட்ரோல் வாங்கி வருகிறேன், உனக்குப் பாதி எனக்குப் பாதி என்று சொல்லிவிட்டுப் புலி கேனை எடுத்தது. நாலடி நடந்தது. நின்றது. திரும்பி வந்தது.

"நாளைக்குக் கரடி சின்னப்பன் என் வண்டியை விலை பேச வர்றான். இருபத்தெட்டு தருதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"சொல்லுங்கண்ணே. நான் ஏன் வாயைத் திறக்கப்போறேன்?"

"எங்கிட்டத் திறந்தியே தம்பி."

மாசிலாமணி ஓரடி பின்னால் நகர்ந்தது.

"வேற யாருக்குத் தெரியும்?" என்று தணிந்த குரலில் கேட்டது புலி. "வீட்டுல?"

முயல் புலியின் முகத்தைப் பார்த்தது. "இல்லண்ணே," என்றது. "வீட்டுலயும் இருபத்தேழுன்னுதான் சொல்லியிருக்கேன்."

அன்று புலி ராச்சாப்பாட்டை விடவில்லை.

இரங்கல் கூட்டத்தைச் சங்கமே முன்னின்று நடத்தியது. கனகவல்லியையும் குட்டிகளையும் தர்மலிங்கம்தான் போய் அழைத்துவந்தது, டேங்கை நிரப்பிக்கொண்டு. கட்டியிழுத்து வந்த மாசிலாமணியின் வண்டிக்கு மாலை போட்டு வாசலில் நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ். அதில் புதிய உறுப்பினர் என்று மகுடபதியின் படமும் இருந்தது. கூட்டம் நடக்கும்போது யாரும் யாரையும் தின்னக் கூடாது என்பது சங்கத்தின் விதி. அதனால் புலி முன்வரிசையில் அடக்கமாக உட்கார்ந்திருந்தது.

வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று பன்றி பேசியது. கியர் மாற்றுவதில் அவருக்குக் கொஞ்சம் போதாமை இருந்தது என்று டீச்சர் பேசியது. கூட்டம் முடியப்போகிற நேரத்தில் கரடி சின்னப்பன் எழுந்து கனகவல்லியிடம் வந்தது. புலியின் வண்டியை வாங்க வந்த கரடி. வாசலில் நின்ற வண்டி அதன் கண்ணில் பட்டுவிட்டது.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதும்மா. வண்டியைக் குடுக்கிற யோசனை இருந்தா, எவ்வளவு தருதுன்னு சொன்னீங்கன்னா..."

கூடமே காதைத் தீட்டிக்கொண்டது. புலி வைத்த கண் வாங்காமல் கனகவல்லியையே பார்த்தது. கனகவல்லிக்கு எல்லாம் தெரியும். ஃபோனில் கேட்ட குரலும் தெரியும், காய்ந்து கிடந்த டேங்கும் தெரியும், முன்வரிசையில் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது யார் என்றும் தெரியும். பதினொன்று என்று கூடமே அதிரும்படி கத்தவேண்டும்போல் இருந்தது. மடியில் ஐந்து குட்டிகள் கிடந்தன. மூத்தது பசிக்கு அழ ஆரம்பித்தது.

"முப்பதுங்கண்ணா," என்றது கனகவல்லி. "அவரு பெட்ரோல் போடவே மறந்துபோற அளவுக்குத் தந்துச்சு."

கரடி அந்த இடத்திலேயே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு சாவியை வாங்கியது. இருபத்தெட்டு தருகிற வண்டியைக் காட்டில் அதற்கப்புறம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மகுடபதி இன்னும் அதே வண்டியைத்தான் ஓட்டுகிறது. வழியில் யாராவது கேட்டால் முப்பத்தொன்று என்கிறது.

நீதி: எப்போதும் உண்மையே பேச வேண்டும், வண்டி கைமாறிய பிறகு.