ஊறுகாய் ஜாடியில் துரை

கவலைப்படுவதற்கென்று தனியாக ஒரு பாடம் வைத்திருந்தால் நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டிருக்கவே மாட்டேன். அதில் மாநிலத்திலேயே முதலாவதாக வந்திருப்பேன். (வந்த பிறகு, அடுத்த வருஷம் இரண்டாவதாகப் போய்விட்டால் என்ன செய்வது என்று சாப்பிடாமல் கிடந்திருப்பேன்.) இப்படிப்பட்ட ஆள் ஒரு பிராணியை வளர்க்கலாமா? அதுவும் உடம்பெல்லாம் மயிரும் உள்ளங்கை அகலமுமாக ஒரு சிலந்தியை? டாரன்டுலா என்பார்களாம். அந்தப் பேரெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அப்போது எங்களுக்கு அது எட்டுக்கால் பூச்சி, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளில் எனக்கு மயிலாப்பூரில் வாழை மர வியாபாரம். பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கல்யாண மண்டப வாசலில் இரண்டு பக்கமும் குலையும் பூவுமாக வாழை மரம் நிற்கிறதல்லவா, அதைக் கொண்டுபோய்க் கட்டுகிறவன். ஒருநாள் தி.நகரில் ஒரு மண்டபம். சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. மரத்தைக் கட்டி, மிச்சக் கயிற்றை அறுத்துக்கொண்டிருக்கிறேன், குலைக்குள்ளிருந்து சாவகாசமாக இறங்கி வந்தது அது. பெண்ணின் பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டார்.

"சார், அடிக்காதீங்க சார்!" என்று கத்தினேன்.

கருணை என்று நினைத்துவிடாதீர்கள். பயம். மண்டப வாசலில், மாக்கோலத்தின் மேல் அது நசுங்கி, நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு ஒரு தலைவலி வந்தாலும் "அந்த வாழை மரக்காரன் கொண்டாந்த சனியன்" என்று என் பேர்தானே அடிபடும்? துடைப்பக்குச்சியால் மெதுவாகத் தள்ளித் தள்ளி, பக்கத்தில் குவித்து வைத்திருந்த தாம்பூலப் பைகளில் ஒன்றுக்குள் அதை இறக்கினேன்.

"எங்கியாவது கண்காணாத எடத்துல விட்டுடுய்யா" என்றார் பெரியப்பா.

எங்கே விடுவது? பூங்காவில் விடலாம் என்றால் குழந்தைகள் விளையாடுகிற இடம். அடையாற்றங்கரையில் விட்டால் தண்ணீரில் விழுந்து செத்துப்போகும். நந்தனம் மைதானத்தில் கிரிக்கெட் ஆடுகிறார்கள்; பந்து பொறுக்க வருகிறவன் இதன் மேல் காலை வைத்தால் இரண்டு பேரில் யாருக்கு ஆபத்து என்றே எனக்குத் தெரியவில்லை. யோசித்து முடிப்பதற்குள் வீட்டுக்குப் போகிற பஸ் வந்துவிட்டது. பக்கத்து சீட்டு அம்மாள் மஞ்சள் பையைப் பார்த்து, "கல்யாணமா? தேங்கா பெருசா குடுத்தாங்களா?" என்று கேட்டார். "நடுத்தரங்க" என்றேன். பை லேசாக நகர்ந்தது.

வீட்டில் நானும் அம்மாவும்தான்.

"இன்னாடா அது பையில?"

"ஒண்ணுமில்லம்மா. ஒரு பூச்சி."

அம்மா எட்டிப் பார்த்தாள். "இதுவாடா பூச்சி? இதுக்கு ரேஷன் கார்டுல பேரு சேக்கணும் போலக் கீதே! தூக்கிக் கடாசு!"

"காலைலே கடாசிடறேம்மா."

எந்தக் காலையில் என்று நான் சொல்லவில்லை. தெருமுனை டீக்கடை கபாலி, பழைய பிஸ்கட் ஜாடி ஒன்றைக் கொடுத்தான். கண்ணாடி ஜாடி, மூடி இல்லை. வாயில் வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டினேன். எதைக் கொடுத்தாலும் இதெல்லாம் ஒரு சாப்பாடா என்பதுபோல் அசையாமல் உட்கார்ந்திருந்ததால் துரை என்று பேர் வைத்தேன். வாழைக் குலையில் இருந்து வந்தவன் என்று ரஸ்தாளி கொடுத்தேன். இட்லி கொடுத்தேன். தேங்காய்மூடியில் பால் வைத்தேன். கபாலி தலையில் அடித்துக்கொண்டான்.

"நைனா, அது இன்னா சஷ்டி விரதமா இருக்குது? கரப்பானப் புடிச்சிப் போடு நைனா!"

போட்டேன். ஆனால் சாக்கடையில் திரிகிற கரப்பான், துரையின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால்? அதனால் கழுவித்தான் போட்டேன். (சோப்பு போடவில்லை. அந்த அளவுக்கு விவரம் இருந்தது.) அம்மா இதைப் பார்த்துவிட்டு, "பெத்தவளுக்கு ஒரு நாள் ஒரு தக்காளி கழுவிக் குடுத்திருப்பியாடா நீ?" என்று கேட்டது நியாயமான கேள்விதான்.

கொஞ்ச காலம் நன்றாகச் சாப்பிட்டவன், திடீரென்று நிறுத்திவிட்டான். கழுவிய கரப்பானைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அடையாறில் ஒரு கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். எனக்கு முன்னால் வரிசையில் இருந்த பொமரேனியன், ஜாடியைப் பார்த்ததும் தன் எஜமானியம்மாவின் தலைமேல் ஏறப் பார்த்தது. டாக்டர் துணியை அவிழ்த்து உள்ளே பார்த்தார். மறுபடி அவரே கட்டினார். "நான் மாட்டுக்குப் படிச்சவன்யா" என்றார்.

இந்த நேரம் பார்த்துத்தான் நங்கநல்லூரிலிருந்து வரன் வந்தது. எனக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. வந்த வரன் எல்லாம் என் படிப்பைக் கேட்டதும், "ஊருக்குப் போயிட்டு வந்து சொல்றோம்" என்று போய், ஊரிலேயே தங்கிவிட்டன. இவர்கள் மட்டும், படிப்பு கிடக்கட்டும், குணம் எப்படி, வீடு எப்படி என்று பார்க்க வருகிறோம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு. இதுவும் போனால் தனக்கு மூச்சு நின்றுவிடும் என்று அம்மா சொன்னாள். துரையை அதற்குள் அனுப்பிவிட வேண்டும் என்றும் சொன்னாள். உடம்பு சரியில்லாதவனை எப்படி வெளியே அனுப்புவது?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க்கிறேன், துரை மல்லாந்து கிடக்கிறான். எட்டுக் காலும் மேலே. ஜாடியைத் தட்டினேன். அசைவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. எல்லாம் அந்தக் கரப்பானால் வந்தது, வெந்நீரில் கழுவியிருக்க வேண்டும்.

"அம்மா, துரை பூட்டாம்மா!"

"அடப்பாவி, இன்னிக்கின்னு பாத்தா சாவணும் அது?"

"பூச்சி செத்தா தீட்டு உண்டாம்மா?"

"பத்தரைக்கு ஆளுங்க வர்றாங்க, எங்கிட்ட தீட்டு கேட்டுக்கினு கீறான்! போய் மூஞ்சியக் கழுவுடா!"

கையால் எடுத்து அடக்கம் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. (இத்தனை நாள் வளர்த்தும் ஒருதடவை தொட்டதில்லை.) துணியை விலக்கி, மேலிருந்து ஒரு சிட்டிகை விபூதி தூவி, மறுபடி கட்டினேன். அம்மா ஜாடியைச் சுற்றி ஒரு துண்டைப் போர்த்தி ஜன்னலில் வைத்தாள்.

பெண்ணின் அப்பாவும் அத்தையும் வந்தார்கள். கேசரி கொடுத்தோம். அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பிக்கு ஏன் கண்ணெல்லாம் இப்படிச் செவந்து கெடக்கு?"

"வெங்காயம் உரிச்சான்" என்றாள் அம்மா, இமைக்காமல்.

"பாத்தீங்களாண்ணே! அம்மாவுக்கு ஒத்தாசையா வெங்காயம் உரிக்கிற புள்ள!"

"தங்கமான குணம்" என்றார் பெண்ணின் அப்பா.

என்னை அதுவரை யாரும் தகரம் என்றுகூடச் சொன்னதில்லை. எனக்குக் கல்யாணமே ஆகிவிட்டதுபோல் இருந்தது. அப்போதுதான் அத்தை ஜன்னல் பக்கம் திரும்பினார். வாயில் வெள்ளைத் துணி கட்டி, வெயிலில் வைத்த ஜாடி. சித்திரை மாதம் வேறு. தமிழ்நாட்டில் பிறந்த எந்தப் பெண்மணி இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பாள்?

"மாவடுவாங்க?"

"ஆமாங்க" என்றாள் அம்மா. (அந்த 'ஆமாங்க'வுக்காக அம்மா கடைசிவரை என்னை மன்னிக்கவில்லை.)

"உப்பு சரியா ஏறியிருக்கான்னு வாசன பாத்தே சொல்லிருவேன்."

"இன்னும் ஊறலீங்க!" என்று நானும் அம்மாவும் ஒரே குரலில் கத்துவதற்குள் அத்தை முடிச்சை அவிழ்த்து, மூக்கை ஜாடிக்குள் கொண்டுபோய்விட்டார்.

அப்படியே நின்றார். நானும் எட்டிப் பார்த்தேன். விபூதியோடு துரை மல்லாந்து கிடக்க, பக்கத்தில் புதுப் பாத்திரம்போல் பளபளவென்று இன்னொன்று உட்கார்ந்து, மெதுவாக ஒரு காலைத் தூக்கியது.

அந்த நிமிஷத்தில் பொறுப்புள்ள மாப்பிள்ளை என்ன செய்திருக்க வேண்டும்? அலறியிருக்க வேண்டும். ஜாடியைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருக்க வேண்டும். நான் ஜாடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தேன்.

"அம்மா! துரை சாவறதுக்கு முன்னாடி குட்டி போட்டுட்டுப் போயிருக்காம்மா!"

அத்தை போட்ட கூச்சலில் கபாலி கடையை விட்டு ஓடி வந்தான். வந்தபோது அத்தை கேசரித் தட்டோடு கட்டில்மேல் நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, துரைங்கறது யாரு?" என்றார் பெண்ணின் அப்பா, நிதானமாக.

"எட்டுக்கால் பூச்சிங்க. எங்ககூடதான் இருந்தாரு." 'இருந்தாரு' என்றதும் எனக்கு மறுபடி அழுகை வந்துவிட்டது.

காபி குடிக்காமலே போய்விட்டார்கள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "வெங்காயம் உரிச்ச புள்ளன்னு ஒரு நல்ல பேரு வாங்கிக் குடுத்தேன். அர மணி நேரம் அதக் காப்பாத்திக்க முடிஞ்சிதாடா உன்னால?"

அடுத்த வாரம் பெண்ணின் அப்பா மறுபடி வந்தார். கூடவே பெண், கலா. அத்தை தெருவிலேயே நின்றுகொண்டார்.

"அத்தை சொன்னத இவ நம்ப மாட்டேங்கறா. நேர்ல பாக்கணுமாம்" என்றார் அவர், சலிப்போடு.

நான் இன்னும் அடக்கம் செய்திருக்கவில்லை. கலா ஜாடிக்குள் உற்றுப் பார்த்தாள். துடைப்பக்குச்சியால் செத்த துரையைத் தூக்கினாள். காய்ந்த சருகுபோல் வந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.

"இது செத்தது இல்லீங்க. சட்டை. பாம்பு உரிச்சுப் போடுமே, அந்த மாதிரி. உங்க துரை அதோ உக்காந்திருக்காரு."

"குட்டி?"

"குட்டி எங்கியாவது அம்மாவவிடப் பெருசா இருக்குமா?" என்றவள், குச்சியைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். "இது என்ன, விபூதியா?"

"கொஞ்சந்தாங்க."

"சட்டைக்கா அழுதீங்க?"

"ஆமாங்க."

தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நிறுத்துவாள் என்று பார்த்தேன், நிறுத்தவில்லை. அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. ஏன் சம்மதித்தாய் என்று பிற்பாடு கேட்டேன். ஏதாவது நல்லதாகச் சொல்லுவாள் என்று ஓர் ஆசை. "கவலைப்படறதுக்குன்னே வீட்ல ஒரு ஆள் இருந்தா, மத்தவங்க நிம்மதியா இருக்கலாம்னு தோணிச்சு" என்றாள். துரை அதன் பிறகும் பல வருஷம் எங்களோடு இருந்தான். நான் கழுவிப் போட்ட கரப்பானை மதிக்காதவன், அவள் கழுவாமல் போட்டதைப் பாய்ந்து பிடித்தான். அத்தை இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஊறுகாய் தொட்டுக்கொள்வதில்லை.

இப்போது எனக்கு வயசாகிவிட்டது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் கை காலைப் பரப்பி மல்லாந்து படுத்துவிடுவேன். யாராவது வீட்டுக்கு வந்து, "என்னங்க, சாருக்கு உடம்பு சரியில்லையா?" என்று பதறினால், கலா அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்:

"ஒண்ணும் இல்லீங்க, சட்டை உரிக்கிறாரு. தொடாதீங்க. எந்திரிச்சா புதுக் கவலையோட வருவாரு."